பேர் இல்லாத வெள்ளை டப்பா விக்கிற பார்லர் அக்காங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூர், பொள்ளாச்சி, திருப்பூர்னு பியூட்டி பார்லர் நடத்துற அக்காங்க, வீட்டுல இருந்தே வாட்ஸப் குரூப்ல கிரீம் விக்கிற தங்கச்சிங்க, "ஏழே நாள்ல ரிசல்ட்"னு இன்ஸ்டாகிராம்ல ரீல் போடுறவங்க, பேன்சி ஸ்டோர்ல கல்லாவுக்குக் கீழ தனியா ஒரு டப்பா வெச்சு தெரிஞ்சவங்களுக்கு மட்டும் எடுத்துக் குடுக்குற அண்ணன்மாரு, எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் டாக்டர் இல்லீங்க, லேப் டெக்னீஷியன். யூரின் பெஞ்ச்ல உக்காந்து காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வர்ற டப்பாவ எல்லாம் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் போடுறதுதான் பொழப்பு. இந்த மடல் உங்க பேஷியலைப் பத்தியோ ப்ளீச்சப் பத்தியோ இல்ல, கம்பெனி பேர் போட்டு பில்லோட வர்ற கிரீமப் பத்தியும் இல்ல. ஸ்டீராய்டு கலந்த கிரீம் போட்டு மூஞ்சி செவந்து போறது இருக்கே, அதுவும் வேற கதை, அதை தோல் டாக்டருங்க பேசிட்டுதான் இருக்காங்க. நான் சொல்ல வந்தது அந்த லேபிள் இல்லாத டப்பா, இல்ல ஏதோ ஒரு வெளிநாட்டு எழுத்துல மட்டும் லேபிள் ஒட்டின டப்பா, போட்ட பத்து பதினஞ்சு நாள்ல நம்பவே முடியாத அளவுக்கு வெளுக்க வெக்கிற அந்த கிரீம். அதுல பாதரசம் இருந்தா அது கஸ்டமரோட கிட்னில இருக்கிற வடிகட்டிய ஓட்டையாக்கும், அந்த ஓட்டை வழியா ரத்தத்துல இருக்க வேண்டிய புரோட்டீன் யூரின்ல போகும். மூஞ்சிக்குப் போடுற சமாச்சாரம் எப்படிங்க கிட்னிக்குப் போகும்னு கேப்பீங்க, அதைத்தான் எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் உங்க கிட்ட சொல்லணும்னு எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், கடைல கூட்டம் இல்லாத நேரமா படிங்க.

முதல்ல கோட்டக்கல் கதை. நம்ம பக்கத்துல, பாலக்காடு தாண்டி மலப்புரம் ஜில்லால இருக்கிற ஊர்தான். அங்க ஆஸ்டர் மிம்ஸ் ஆஸ்பத்திரில கிட்னி டாக்டருங்க ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. யூரின்ல புரோட்டீன் கொட்டுது, கை கால் வீங்குது, பயாப்ஸி எடுத்துப் பாத்தா மெம்ப்ரேனஸ் நெப்ரோபதினு, கிட்னி வடிகட்டியோட சவ்வு தடிச்சுப் போற ஒரு வியாதி. இந்த வியாதி புதுசு இல்ல, எப்பவும் வர்றதுதான், பெரும்பாலும் பிஎல்ஏ2ஆர்னு ஒரு புரோட்டீனுக்கு எதிரா உடம்பே வேலை செய்யிறதால வரும். ஆனா அங்க வந்தவங்கள்ல நிறைய பேருக்கு அந்த வகை இல்ல, நெல்-1னு சொல்ற இன்னொரு வகை, அது ரொம்ப அபூர்வமா பாக்குறது, சில பேருக்கு உடம்புல எங்கயாவது கேன்சர் இருந்தாலும் வரும்னு டாக்டருங்க அந்தக் கோணத்துலயும் தேடுவாங்க. இங்க கேன்சர் இல்ல. 2021 ஜூலைல இருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் பாத்த 22 மெம்ப்ரேனஸ் கேஸ்ல 15 பேருக்கு இந்த நெல்-1. அந்த 15 பேர்ல 13 பேர் வெளுக்கிற கிரீம் போட்டிருக்காங்க. கிட்னி வியாதில உலகம் முழுக்க டாக்டருங்க படிக்கிற பத்திரிகைல இது வந்துச்சு.

இதுல என்னைக் கொஞ்சம் யோசிக்க வெச்சது என்னன்னா, கிட்னிக்கு டாக்டர் கிட்ட போறவங்க "நான் மூஞ்சிக்கு கிரீம் போடுறேன்"னு தானா சொல்றதே இல்ல. ஏன் சொல்லணும், கால் வீங்குதுன்னு போறோம், பவுடர் என்ன கிரீம் என்னன்னு யாராவது சொல்வாங்களா. சாப்பிடுற மருந்து என்னென்னனு டாக்டர் கேட்டாலும் கிரீம் அந்தக் கணக்குல வராது. அதனால "கிரீம் போடுறீங்களா"ங்கிற ஒரு கேள்வியை எல்லார் கிட்டயும் கேட்டுப் பாத்த பிறகுதான் சங்கிலி பிடிபட்டுச்சு.

அடுத்தது அகோலா, மகாராஷ்டிரா. ஒரே வீட்டுல அம்மா, ரெண்டு பொண்ணு, மூணு பேருக்கும் 2022ல கிட்டத்தட்ட ஒரே சமயத்துல கிட்னி வடிகட்டி கெட்டுப் போச்சு. ஒரே வீட்டுல மூணு பேருக்கு இப்படி வந்தா பரம்பரையா, தண்ணியா, சாப்பாடானு தேடுவோம்ல, அப்படித் தேடி, மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரி வரைக்கும் கேஸ் போயி, கடைசில மூணு பேரும் ஒரே கிரீம் போட்டது தெரிஞ்சு, அந்த கிரீமை டெஸ்ட் பண்ணா பாதரசம். அந்த கிரீமைக் குடுத்தது யாருன்னா உள்ளூர்ல ஒரு பியூட்டிஷியன். அந்தம்மா வேணும்னு செஞ்சிருப்பாங்கன்னு நான் நினைக்கல. உங்கள்ல யாரும் வேணும்னு செய்யறதில்லன்னும் தெரியும். ஆனா அந்தப் பொண்ணுங்களோட கிட்னிக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க.

இது நேத்து முந்தாநேத்து கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. 1972லயே ஆப்பிரிக்கால நைரோபில இருந்து டாக்டருங்க எழுதிட்டாங்க, யூரின்ல புரோட்டீன் கொட்டி உடம்பு வீங்கி வந்த 60 பேர்ல பாதிக்கு மேல வெளுக்கிற கிரீம் போட்டவங்கன்னு. அரை நூற்றாண்டு ஆச்சு. அதே சரக்கு வேற டப்பால வேற பேர்ல சுத்திட்டு இருக்கு.

சரி, வடிகட்டிக்கு வருவோம். ஒரு கிட்னிக்குள்ள சராசரியா பத்து லட்சம் வடிகட்டி இருக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு சின்ன சின்ன ரத்தக்குழாய் உருண்டைங்க, குளோமெருலஸ்னு சொல்வாங்க. ரெண்டு கிட்னியும் சேந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் தண்ணியை வடிச்சு எடுத்து, அதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிட்டு, கடைசியா ஒண்ணு ஒண்ணரை லிட்டரை மட்டும் யூரினா வெளிய விடுது. அவ்வளவு வடிச்சாலும் ரத்தத்துல இருக்கிற ஆல்புமின்ங்கிற புரோட்டீன் வெளிய போகாது. போனாலும் துளியூண்டு, ஒரு நாளைக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குள்ள, மொத்த புரோட்டீன்னு எடுத்தா 150 மில்லிகிராமுக்குள்ள.

எப்படி நிக்குதுன்னா, வடிகட்டில மூணு அடுக்கு. முதல் அடுக்கு ரத்தக்குழாயோட உள்சுவரு, அதுல பொடிப் பொடியா ஜன்னல் இருக்கும், ரத்த அணுக்கள் அதைத் தாண்டாது. ரெண்டாவது ஒரு சவ்வு. மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, போடோசைட்னு ஒரு செல், அதுக்கு கால் கால்களா நீட்டிட்டு இருக்கும், ஒரு செல்லோட காலும் பக்கத்து செல்லோட காலும் ரெண்டு கை விரலைக் கோத்து வெச்ச மாதிரி கோத்து ரத்தக்குழாயைச் சுத்திப் பிடிச்சிட்டு இருக்கும். அந்த விரல் சந்துல ரொம்ப மெல்லிசா ஒரு திரை. தண்ணி, உப்பு, யூரியா, சர்க்கரை எல்லாம் அந்தத் திரையைத் தாண்டிப் போகும். ஆல்புமின் அளவுல பெரிசு, அதோட இந்த சுவரெல்லாம் நெகட்டிவ் சார்ஜ், ஆல்புமினும் நெகட்டிவ், அதனால கிட்ட வந்தாலும் தள்ளி விட்டுடும். ஒரு நாளைக்கு 180 லிட்டர் ஓடுற இடத்துல இந்த ஏற்பாடு வருஷக்கணக்கா அசராம நிக்குது, யோசிச்சுப் பாத்தா ஆச்சரியமா இருக்கும். இந்த போடோசைட் செல் ஒரு தடவ செத்துடுச்சுன்னா உடம்பு அதுக்குப் பதிலா புதுசு போடுறது ரொம்பக் கம்மி, அதையும் சொல்லிடுறேன்.

இப்ப பாதரசம். அந்த கிரீம்ல அதை ஏன் போடுறாங்கன்னா, தோலுக்குக் கருப்பு நிறம் குடுக்குற மெலனினை உண்டாக்குற ஒரு என்சைம் இருக்கு, டைரோசினேஸ்னு பேரு, பாதரசம் அதோட கையைக் கட்டிப் போட்டுடும். மெலனின் உண்டாகாது, தோலு வெளுக்கும். அதனாலதான் அவ்வளவு சீக்கிரம் ரிசல்ட், அதனாலதான் நிறுத்தினா மறுபடி பழைய நிறம், சில பேருக்கு அதைவிடக் கருத்துப் போச்சுன்னும் தோணும், உடனே "அக்கா அந்த கிரீம் இன்னொரு டப்பா குடுங்க"னு வந்து நிப்பாங்க. உங்களுக்கு அது ரெகுலர் கஸ்டமர். ஆனா கிரீம் தோல்லயே தங்கிடுறதில்ல. பாதரசம் தோல் வழியா உள்ள இறங்கும், கொஞ்சம் ஆவியாகி மூச்சு வழியாவும் போகும், ரத்தத்துல சுத்தி கடைசில பெரும்பாலும் போய் சேர்ற இடம் கிட்னி. அங்க போய் உடம்போட எதிர்ப்பு சக்தியைக் கிளறி விட்டுடுது, அந்த எதிர்ப்புப் பொருளெல்லாம் போய் சவ்வுக்கும் போடோசைட்டுக்கும் நடுவுல கட்டி கட்டியா படியுது. சவ்வு தடிச்சுப் போகுது, கோத்து வெச்ச கால்கள் எல்லாம் தட்டையா பரந்து போகுது, நடுவுல இருந்த மெல்லிசுத் திரை கிழியுது. தடிச்சா நல்லா அடைக்கணும்ல, ஏன் ஒழுகுதுன்னு கேட்டா, தடிப்புக்கும் ஒழுகலுக்கும் சம்பந்தம் இல்ல, தடுத்துட்டு இருந்ததே அந்த விரல் கோப்பும் அந்தத் திரையும் அந்த சார்ஜும்தான், அது போச்சுன்னா சவ்வு எவ்வளவு தடியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. சில பேருக்கு இந்தப் படிவு எதுவும் இல்லாமலே கால்கள் மட்டும் தட்டையாகி ஒழுகும், அது மினிமல் சேஞ்ச்னு வேற பேரு, அதுவும் இந்த கிரீமால வந்ததா எழுதி வெச்சிருக்காங்க.

ஒழுக ஆரம்பிச்சா என்ன ஆகும்னு கேளுங்க, ஏன்னா இதோட முதல் அறிகுறிய டாக்டருக்கு முன்னாடி பாக்குறது நீங்கதான்.

ஆல்புமினோட ஒரு வேலை தண்ணிய ரத்தக்குழாய்க்குள்ள பிடிச்சு வெக்கிறது. அது குறைஞ்சா தண்ணி வெளிய கசிஞ்சு சதைல நிக்கும், கெட்டுப் போன கிட்னி உப்பையும் வெளிய விடாம பிடிச்சுக்கும், ரெண்டும் சேந்து வீக்கம். காலைல எந்திரிக்கும்போது மூஞ்சி, கண்ணு இமை உப்பியிருக்கும், சாயங்காலம் கால் வீங்கும், செருப்புத் தடம் பதியும், விரலை வெச்சு அழுத்தினா குழி விழும். இங்கதான் ஒரு கொடுமை இருக்குங்க. கிரீம் போட்ட பொண்ணுக்கு மூஞ்சி வெளுத்து, அதோட கன்னமும் கொஞ்சம் உப்பி, தோலு இழுத்துப் பளபளன்னு இருந்தா நாம என்ன சொல்வோம், "பாரு எப்படி க்ளோ வந்திருக்கு, பூசின மாதிரி ஆயிட்டா"னு சொல்வோம். அது க்ளோ இல்லீங்க, தண்ணி. கண்ணு ரெண்டும் காலைல திறக்க முடியாம உப்பியிருக்குன்னு சொல்ற கஸ்டமருக்கு ஐஸ் மசாஜ் பண்ணி அனுப்பாம, "கண்ணு, ஒரு யூரின் டெஸ்ட் பாத்துடு"னு சொல்லி அனுப்புங்க.

யூரின்ல புரோட்டீன் ஒரு நாளைக்கு மூணரை கிராமுக்கு மேல போச்சுன்னா அதை நெப்ரோடிக்னு சொல்வாங்க. அப்ப ஆல்புமின் மட்டும் போறதில்ல. நோய் எதிர்ப்புக்கு வேண்டிய இம்யூனோகுளோபுலினும் போகும், அதனால காய்ச்சல், இன்பெக்ஷன் அடிக்கடி வரும். ரத்தம் கட்டாம பாத்துக்கிற புரோட்டீனும் சேந்து போகும், அதனால கால்லயோ கிட்னி ரத்தக்குழாய்லயோ நுரையீரல்லயோ ரத்தம் கட்டலாம். கோட்டக்கல்ல பாத்தவங்கள்ல ஒருத்தருக்கு மூளைல இருக்கிற ரத்தக்குழாய்லயே கட்டிடுச்சு. கல்லீரல் வேற, ஆல்புமின் குறையுதேன்னு ஓவர்டைம் பாத்து, கூடவே கொழுப்பையும் சேத்து உண்டாக்கித் தள்ளும், அதனால இருபது வயசுப் பொண்ணுக்கு கொலஸ்ட்ரால் எகிறி நிக்கும், எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்துன்னு வீட்டுல திட்டுவாங்க பாவம்.

இப்ப என் பெஞ்சுக்கு வாங்க. யூரின்ல ஆல்புமின் இருந்தா சோப்பு போட்ட மாதிரி நுரை வரும், தண்ணி ஊத்தினாலும் லேசுல போகாது. நுரை வந்தாலே கிட்னி போச்சுன்னு பயப்பட வேண்டாம், வேகமா போனாலும் வரும், டாய்லெட்ல கிளீனர் இருந்தாலும் வரும், தண்ணி குடிக்காம யூரின் கெட்டியா இருந்தாலும் வரும். தினமும் வருது, நிக்குது, கூட வீக்கமும் இருக்குன்னா டெஸ்ட் பண்ணணும். டெஸ்ட் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஒரு ஸ்டிரிப் இருக்கும், நனைச்சா மஞ்சக் கட்டம் பச்சையா மாறும், எவ்வளவு பச்சையோ அவ்வளவு புரோட்டீன், ஒரு பிளஸ், ரெண்டு பிளஸ்னு போடுவோம், மூணு பிளஸ்னா டெசிலிட்டருக்கு சுமார் 300 மில்லிகிராம். சந்தேகமா இருந்தா சல்போசாலிசிலிக் ஆசிட் சொட்டு விட்டா கலங்கும். பழைய லேப்ல டெஸ்ட் டியூபை நெருப்புல காட்டுவாங்க, மேல் பாதி மட்டும் வெந்து வெள்ளையா திரியும், கீழ் பாதி தெளிவா இருக்கும், நான் படிக்கும்போது அதைப் பாத்துட்டு வகுப்பே கப்சிப். லண்டன்ல ரிச்சர்ட் பிரைட்னு ஒரு டாக்டர் 1827லயே ஸ்பூன்ல யூரினை வெச்சு மெழுகுவத்தில காட்டி இதைத்தான் பாத்தாரு, உடம்பு வீங்கிச் செத்தவங்களோட கிட்னியைத் திறந்து பாத்து ரெண்டையும் சேத்து முடிச்சு போட்டவரு. அளவு சரியா வேணும்னா யூரின்ல புரோட்டீனுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் பாப்பாங்க, இல்லன்னா 24 மணி நேர யூரினையும் கேன்ல பிடிச்சு வரச் சொல்வாங்க.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, "நான் போன மாசம்தான் ஃபுல் செக்கப் பண்ணேன், கிட்னி நார்மல்னு வந்துச்சு"னு கஸ்டமர் சொன்னா நம்பிடாதீங்க. அந்த செக்கப்ல பெரும்பாலும் பாத்தது ரத்தத்துல கிரியாட்டினின். கிரியாட்டினின்ங்கிறது கிட்னி கழிவை வெளிய தள்ளுதான்னு காட்டுறது, வடிகட்டி ஒழுகுதான்னு அது காட்டாது. ஒழுக ஆரம்பிச்ச காலத்துல கழிவு தள்ளுற வேலை நல்லாவே நடக்கும், கிரியாட்டினின் 0.7, 0.8னு அழகா வரும், அதே ஆளோட யூரின்ல மூணு பிளஸ் புரோட்டீன் நிக்கும். கோட்டக்கல் கேஸ்லயும் கிட்னி வேலை கெடாம இருக்கும்போதே யூரின்லதான் காட்டிக் குடுத்துச்சு. ஒழுகல் வருஷக்கணக்கா தொடர்ந்தா, வடிகட்டிக்கு அப்புறம் இருக்கிற குழாய்ங்க அந்தப் புரோட்டீனை அள்ளி அள்ளி ஓஞ்சு, தழும்பாகி, அப்பதான் கிரியாட்டினின் ஏறும். ஏறின பிறகு எறக்குறது ரொம்பக் கஷ்டம். சுகர், பிரஷர் இருக்கிறவங்களுக்கும் இதே கதைதான், நம்ம ஊர்ல வடிகட்டி ஒழுகுறதுக்கு முதல் காரணமே சுகர்தான், ஆனா அவங்களுக்குச் சொல்ல டாக்டர் இருக்காங்க, உங்க கஸ்டமர் பொண்ணுங்களுக்கு சுகரும் இல்ல பிரஷரும் இல்ல, யாரும் யூரின் கேக்க மாட்டாங்க.

நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க.

"நானே போடுறேனே, எனக்கு ஒண்ணும் ஆகலயே." போடுற எல்லாருக்கும் வராது, அது உண்மை. யாருக்கு வரும்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லவும் முடியாது. ஆனா "எனக்கு ஒண்ணும் இல்ல"னு சொல்ற அக்கா யூரின் டெஸ்ட் பாத்துட்டு சொல்றீங்களா, பாக்காம சொல்றீங்களா. கஸ்டமர் ஒரு தடவ தடவிட்டுப் போயிடுவாங்க, நீங்க கையுறை இல்லாம நாள் முழுக்க அதே விரல்ல எடுத்து எடுத்துப் போடுறீங்க, ஏசி ரூம்ல கதவைச் சாத்திட்டு அந்தக் காத்தையே சுவாசிக்கிறீங்க. முதல்ல டெஸ்ட் பண்ண வேண்டிய ஆளே நீங்கதான். வீட்டுல குழந்தை இருந்தா இன்னும் கவனம், கிரீம் போடாத ஆளுங்களுக்கும் ஒரே டவல், தலகாணி, தொட்ட கை வழியா பாதரசம் போய் சேருது. கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு வயித்துல இருக்கிற குழந்தைக்கே போகும்.

"இது துபாய்ல இருந்து வந்த சரக்கு, இம்போர்ட்டட்." விமானத்துல வந்தா பாதரசம் குறைஞ்சுடாதுங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற காஸ்மெட்டிக்கா இருந்தா இங்க பதிவு பண்ணி, பதிவு நம்பரும், இம்போர்ட் பண்ணவங்க பேர் அட்ரஸும் லேபிள்ல இருக்கணும். யாரோ பெட்டில கொண்டு வந்ததுக்கு அது எதுவும் இருக்காது.

"இது ஹெர்பல், நாட்டு மருந்து."  வேலூர் சிஎம்சி டாக்டருங்க 2022ல எழுதின ஆய்வுல, இதே நெல்-1 வகை வியாதி வந்தவங்கள்ல பாரம்பரிய மருந்து சாப்பிட்டவங்களும் இருந்தாங்க, பரிசோதிச்ச சில மருந்துல பாதரசம் இருந்துச்சு. நாட்டு மருந்தைக் குறை சொல்ல நான் வரல, எங்க வீட்லயும் கஷாயம் உண்டு, ஆனா என்ன இருக்குன்னு எழுதாத ஒண்ணை ஹெர்பல்னு கூப்பிட்டா அது ஹெர்பல் ஆயிடாது.

"அப்படின்னா கவர்மெண்ட் ஏன் தடை பண்ணல?" பண்ணியாச்சுங்க. 2020 காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ்படி மூஞ்சிக்குப் போடுற கிரீம்ல தெரியாம கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, வேணும்னு கலக்கவே கூடாது. கண்ணுக்குப் போடுறதுக்கு மட்டும் 70 பங்கு வரைக்கும் விட்டு வெச்சிருந்தாங்க. கேரளா மருந்து கட்டுப்பாட்டுத் துறை 2023ல ஆபரேஷன் சௌந்தர்யானு பேர் வெச்சு கடை கடையா ரெய்டு போக ஆரம்பிச்சாங்க, 2025 தொடக்கத்துல அப்படி எடுத்த லிப்ஸ்டிக், பேஸ் கிரீம் சாம்பிள்ல அனுமதி அளவை விட 12,000 மடங்கு வரைக்கும் பாதரசம் இருந்ததா சொன்னாங்க. 12,000 மடங்குன்னா கிரீம்ல நூத்துல ஒரு பங்குக்கு மேல பாதரசம். அதை தெரியாம கலந்துட்டோம்னு யாரும் சொல்ல முடியாது. அங்க பிடிச்சா இங்க வித்துக்கலாம்னு சரக்கு இந்தப் பக்கம் வர்றதுக்கு வாளையாறு செக்போஸ்ட் என்ன பெரிய தூரமா. நம்ம பக்கமும் அதே மாதிரி கடை கடையா வந்தா நல்லாதான் இருக்கும், அதுக்குத் தனியா எழுதணும்.

சரி, கைல இருக்கிற டப்பாவை எப்படிப் பாக்குறது. தயாரிச்சவங்க பேர், முழு அட்ரஸ், பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர் (இம்போர்ட்டட்னா பதிவு நம்பர்), எதுக்குள்ள யூஸ் பண்ணணும்ங்கிற தேதி, என்னென்ன கலந்திருக்குங்கிற பட்டியல், இதுல எது இல்லன்னாலும் கடைல வெக்காதீங்க. பட்டியல்ல மெர்குரி, கேலோமெல், மெர்க்குரிக் அயோடைடு, அமோனியேட்டட் மெர்குரி, சின்னபார்னு எது இருந்தாலும் அது பாதரசம்தான். இன்னொண்ணு, இதை நீங்க கட்டாயம் கவனிச்சிருப்பீங்க, சில டப்பால "தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் மேல படாம பாத்துக்கோங்க"னு எழுதியிருக்கும், இல்ல குடுக்கும்போதே "நகையைக் கழட்டி வெச்சுட்டுப் போடுங்க"னு வாய்லயே சொல்லி குடுத்திருப்பாங்க. ஏன்னா பாதரசம் தங்கத்தோட ஒட்டி அதை வெளுக்க வெச்சுடும், நகைப் பட்டறைக்காரங்களைக் கேட்டா சொல்வாங்க. உலக சுகாதார நிறுவனமே இந்த எச்சரிக்கை வாசகத்தைப் பாதரசத்துக்கு அடையாளமாச் சொல்லுது. மோதிரத்தைக் காப்பாத்துறதுக்கு ஒரு வரி எழுதினவன் கிட்னிக்கு ஒரு வரி எழுதல பாருங்க. ஆனா எந்த எச்சரிக்கையும் இல்லாத டப்பாலயும் இருக்கலாம், அதனால ரிசல்ட்டோட வேகத்தையே எச்சரிக்கையா எடுத்துக்கோங்க.

ஏற்கனவே குடுத்திருக்கீங்கன்னா, இனி என்ன பண்றதுன்னு கேட்டா, இதுல நல்ல சேதியும் இருக்கு. மத்த காரணத்தால வர்ற மெம்ப்ரேனஸ்க்கு வருஷக்கணக்குல கூட ட்ரீட்மெண்ட் இழுக்கலாம், இந்த வகைல கிரீமை நிறுத்தினாலே பெரும்பாலானவங்களுக்கு ஒழுகல் மாசக்கணக்குல குறைஞ்சு நிக்குது, கோட்டக்கல்லயும் அதைத்தான் பாத்தாங்க. கூட டாக்டர் வடிகட்டிக்குள்ள பிரஷரைக் குறைக்கிற மாத்திரை குடுப்பாங்க. அதைப் பிரஷர் மாத்திரைன்னு மெடிக்கல்ல சொல்வாங்க, "எனக்குதான் பிபி இல்லயே"னு நிறுத்திடக் கூடாது, கர்ப்பமா இருந்தா, ஆகப் போறதா இருந்தா முன்னாடியே டாக்டர் கிட்ட சொல்லிடணும், ஏன்னா அந்த மாத்திரை கர்ப்பத்துல ஆகாது. வீக்கத்துக்குத் தண்ணி போற மாத்திரை, சாப்பாட்டுல உப்பு கம்மி. ரத்தத்துலயோ யூரின்லயோ பாதரசம் எவ்வளவு இருக்குன்னும் பாக்கலாம், ரொம்ப இருந்தா அதை வெளிய இழுக்குற மருந்தும் உண்டு, அதெல்லாம் டாக்டர் முடிவு. ஒண்ணு மட்டும் எல்லாரும் தப்பா செய்யறாங்க, புரோட்டீன் போகுதுன்னு சொன்ன உடனே புரோட்டீன் பவுடரும் நாலு நாலு முட்டையும் குடுக்க ஆரம்பிச்சுடுறாங்க. ஒழுகுற இடத்தைச் சரி பண்ணாம மேல ஊத்தினா ஒழுகுறதுதான் அதிகமாகும். அளவா சாப்பிட்டா போதும், எவ்வளவுன்னு டாக்டர் சொல்வாங்க.

நான் கேக்குறது இவ்வளவுதாங்க. மிச்சம் இருக்கிற டப்பாவை விக்காதீங்க, பாதி விலைக்கும் விக்காதீங்க, கழுவித் தண்ணில விடாதீங்க, குப்பைத் தொட்டிலயும் போடாதீங்க, பாதரசம் எரிச்சாலும் கரைச்சாலும் போகாது. ஒரு கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி, மாவட்ட மருந்து ஆய்வாளர் ஆபீஸ்ல இந்த மாதிரி சரக்கு, இன்னார் கொண்டு வந்து போட்டாங்கன்னு சொல்லிக் குடுங்க, சப்ளை பண்றவன் மாட்டணும்னா நீங்க சொன்னாதான் உண்டு. கஸ்டமர் வந்து "அந்த கிரீம்தான் வேணும், நீங்க இல்லன்னா பக்கத்துக் கடைல வாங்கிக்கிறேன்"னு சொன்னா வியாபாரம் போகும், அதை நான் மறுக்கல, முகூர்த்த மாசத்துல அது சின்ன நஷ்டம் இல்லன்னும் தெரியும். அப்படிச் சொல்ற பொண்ணு கிட்ட யூரின் டெஸ்ட் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி விடுங்க.

கடைசியா ஒண்ணு. என்னைக்காவது ஒரு பொண்ணோட அம்மாவோ புருஷனோ உங்க கடைக்கு வந்து, "டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாரு, இவளுக்கு என்ன கிரீம் குடுத்தீங்க, டப்பா இருக்கா"னு கேட்டா, தயவு செஞ்சு "நாங்க அதெல்லாம் குடுக்கறதில்ல"னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு கேஸ்ல அப்படிச் சொல்லித்தான் அனுப்பினாங்க, காரணம் தெரியாம அந்தப் பொண்ணுக்கு தேவையில்லாத ஸ்கேன், தேவையில்லாத மருந்துன்னு ஓடிட்டு இருந்துச்சு, வீட்டு பீரோல ஒளிச்சு வெச்ச டப்பாவை தங்கச்சி எடுத்துட்டு வந்த பிறகுதான் விஷயமே முடிஞ்சுது. போலீஸ் வருமோன்னு பயம் இருக்கும், புரியுது. ஆனா அந்த டப்பாதான் டாக்டருக்கு வேணும். இருக்கிறதை எடுத்துக் குடுத்துடுங்க, எத்தனை மாசமா போட்டாங்கன்னு உங்க நோட்டுல இருந்தா அதையும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க.

இப்படிக்கு,
யூரின் பெஞ்ச்ல உக்காந்திருக்கிற ஒரு லேப் டெக்னீஷியன், கோயம்புத்தூர்